மண் ஆணிச் சுவர் அசைந்தால் அஞ்ச வேண்டுமா? வாசகர் கேள்வி, பொறியாளர் பதில்

தோண்டிய மண் சரியாதபடி அதற்குள் கம்பிகளைச் செருகிப் பிடித்துவைக்கும் மண் ஆணிச் சுவர்களைப் பற்றி வந்து சேர்ந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே கவலையைச் சுற்றியே அமைந்திருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் குடியிருப்புக்கு அடுத்த மனையில் 9 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் மண் ஆணி அடித்து, அதன்மேல் கான்கிரீட் பீய்ச்சிய சுவர் நிற்கிறது. சுவரின் உச்சி 14 மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக நகர்ந்திருப்பதாக நில அளவையாளர் சொன்னார். சுவர் விழப்போகிறதா?

பதில்: இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மண் ஆணிச் சுவர் கொஞ்சம் நகர்ந்த பிறகே சுமையைத் தாங்கத் தொடங்கும் அமைப்பு. கொஞ்சமும் நகராத மண் ஆணிச் சுவர் எங்கும் இல்லை.

மற்றச் சுவர்களைப் போல இது கீழிருந்து எழுப்பப்படுவதில்லை. மேலிருந்து படிப்படியாகக் கீழே இறங்குகிறது. ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை தோண்டி, வெளிப்பட்ட மண் முகத்தில் சுமார் 15 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்த துளைகளை இட்டு, முறுக்குக் கம்பியைச் செருகி, சுற்றிலும் சிமென்ட் கூழ் நிரப்பி, கம்பி வலை பொருத்தி, 100 மி.மீ. அளவுக்குக் கான்கிரீட் பீய்ச்சி, தகடும் மரையும் பூட்டிய பிறகே அடுத்த படி தோண்டப்படுகிறது. பூட்டிய அன்று அந்தக் கம்பியில் அநேகமாக விசையே இருக்காது. ஆழத்து மண்ணில் நுனியைப் பதிக்கும் நங்கூரக் கம்பிகளை ஜாக்கி வைத்து இழுத்துப் பூட்டுவது வழக்கம். ஆணிகளை அப்படி இழுப்பதில்லை. அடுத்த படியைத் தோண்டும்போது, அதுவரை எதிரே நின்று தாங்கிய மண் அகன்றுவிடுவதால், பின்னாலுள்ள மண் சற்றே வெளியே தளர்கிறது. அந்தத் தளர்வு சிமென்ட் கூழின் மேற்பரப்பில் உராய்வை எழுப்பி, அதன் வழியே கம்பியில் இழுவிசையை ஏற்றுகிறது. மண் நகராவிட்டால் கம்பிக்கு வேலையே இல்லை.

உச்சி மிக அதிகமாக நகர்வதற்கும் இதுவே காரணம். முதல் வரிசை ஆணிகளை அடித்த பிறகு தோண்டிய ஒவ்வொரு படியின் தளர்வும் உச்சியில் சேர்ந்துகொண்டே வருகிறது. கடைசி வரிசையோ தனக்குப் பின் வந்த சிறிய தளர்வை மட்டுமே காண்கிறது. ஆகவே, அடியை ஊன்றி முன்பக்கம் லேசாகச் சாய்வது போன்ற வடிவத்தையே சுவர் பெறுகிறது.

எவ்வளவு நகரலாம் என்பதற்குப் பல நாடுகளில் அளந்து பார்த்துத் தொகுத்த விகிதங்கள் உள்ளன. உச்சியின் கிடைமட்ட நகர்வு, சிதைந்த பாறையிலும் இறுகிய மண்ணிலும் சுவர் உயரத்தில் ஆயிரத்தில் 1 பங்கு, மணற்பாங்கான மண்ணில் 2 பங்கு, களிமண் போன்ற நுண்மண்ணில் 3 பங்கு என்ற அளவில் இருக்கும். உங்கள் 9 மீட்டர் சுவருக்கு இவை முறையே 9, 18, 27 மி.மீ. ஆகின்றன. அங்கே இருப்பது மணல் என்றால் 14 மி.மீ. எதிர்பார்த்ததுதான்; இறுகிய சரளையோ சிதைந்த பாறையோ என்றால் வடிவமைப்பாளர் காரணம் தேட வேண்டும். எந்த மண்ணாயினும், கட்டும் காலத்திலேயே ஆயிரத்தில் 5 பங்கைத் தாண்டினால், அதாவது உங்கள் சுவரில் 45 மி.மீ. ஆனால், கவலைக்குரியது என்று அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கையேடு எச்சரிக்கிறது.

மொத்த நகர்வைவிட அதன் வேகத்தையே நான் முதலில் கேட்பேன். நில அளவையாளரிடம் தேதிவாரியான அளவுகளை வாங்கி, தோண்டிய நாட்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் துள்ளி, இடையில் தணிந்து, தோண்டுவது நின்றதும் அடங்கிப்போகும் நகர்வு இயல்பானது. பணி முடிந்த பின்னும் சில மண்களில் ஆறு மாதம் வரை ஊர்வு, அதாவது சுமை மாறாமலே மெல்ல நகர்வது, தொடர்வதுண்டு. அது பெரும்பாலும் பணி முடிந்தபோது இருந்த அளவில் 15 விழுக்காட்டுக்குள் நின்றுவிடும். தோண்டாத நாட்களிலும் ஒரே வேகத்தில், அல்லது மேன்மேலும் வேகமாக நகர்ந்தால், மொத்தம் 14 மி.மீ. தான் என்றாலும் உடனே வேலையை நிறுத்தச் சொல்லிக் கேட்பது நியாயம்.

உங்கள் கட்டடத்துக்கு இன்னொன்றும் முக்கியம். உச்சிக்குப் பின்னாலுள்ள தரையும் கிட்டத்தட்ட அதே அளவில் கீழிறங்கும். இந்த இறக்கம் சுவரிலிருந்து ஏறக்குறைய அதன் உயரம் அளவுக்கு உள்ளே வரை உணரப்படலாம். உங்கள் அடித்தளம் அந்த எல்லைக்குள் வருகிறதா, சுவருக்கு இணையாகத் தரையில் விரிசல் ஓடுகிறதா என்பதைப் பார்த்து, விரிசலின் அகலத்தைத் தேதியுடன் குறித்து வையுங்கள்.

கேள்வி: நான் கட்டடப் பொறியியல் மாணவி. ஆணியின் இழுவிசை முகப்பில்தான் உச்சமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் பாடத்தில் உச்சத்தைச் சில மீட்டர் உள்ளே தள்ளிக் காட்டியிருக்கிறார்கள். ஏன்? சுவர் 20 மி.மீ. நகர்ந்தால் கம்பியும் 20 மி.மீ. நீண்டது என்று கொள்ளலாமா?

பதில்: ஆணியின் நெடுகே இரண்டு மண்டலங்கள் உள்ளன. முகப்பை ஒட்டிய மண் வெளியே நழுவப் பார்க்கிறது. நழுவும்போது கம்பியையும் வெளிப்பக்கம் இழுக்கிறது. அதற்கு அப்பாலுள்ள மண் நிலையாக நின்று கம்பியை உள்ளே பிடித்துவைக்கிறது. முன்பகுதியில் உராய்வின் திசை வெளிப்பக்கம், பின்பகுதியில் உட்பக்கம். திசை மாறும் இடத்தில் இழுவிசை உச்சம் பெறுகிறது. அங்கிருந்து ஆணியின் வால் நோக்கிக் குறைந்து சுழியாகிறது. மேல்வரிசைகளில் அந்த இடம் முகப்பிலிருந்து சுவர் உயரத்தில் 0.3 முதல் 0.4 பங்கு வரை உள்ளே இருக்கும். கீழே போகப் போக முகப்பை நெருங்கி வரும். எல்லா வரிசைகளின் உச்சப் புள்ளிகளையும் இணைத்தால் கிடைக்கும் வளைகோடே நழுவும் மண்ணுக்கும் நிலைத்த மண்ணுக்கும் எல்லை.

முகப்பில் விசையே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. அளந்த சுவர்களில், ஆணித் தலையின் விசை உச்ச இழுவிசையில் பாதிக்கு மேலாகவே பெரும்பாலும் இருந்திருக்கிறது.

இனி நீட்சிக்கு வருவோம். 25 மி.மீ. கம்பியின் குறுக்குப் பரப்பு 491 சதுர மி.மீ. அதில் 100 கிலோநியூட்டன் இழுவிசை இருந்தால் தகைவு, அதாவது பரப்பு அலகுக்கு வரும் விசை, 204 மெகாபாஸ்கல். எஃகின் விறைப்பைக் காட்டும் மீள்தன்மைக் கெழு 2 லட்சம் மெகாபாஸ்கல் என்பதால் திரிபு, அதாவது நீளத்தோடு ஒப்பிட்ட நீட்சி, ஆயிரத்தில் 1. முகப்பிலிருந்து உச்சப் புள்ளி வரை 3 மீட்டர் என்று வைத்து, அந்த நீளம் முழுவதும் முழு விசை இருப்பதாகவே கொண்டாலும் நீட்சி 3 மி.மீ. தான். உண்மையில் முகப்பை நோக்கி விசை குறைவதால் நீட்சி அதையும்விடக் குறைவு.

அப்படியானால் மீதி 17 மி.மீ. எங்கிருந்து வந்தது? ஆணி அடிப்பதற்கு முன்பே, மேல்படிகளைத் தோண்டும்போதே அந்த ஆழத்து மண் ஓரளவு தளர்ந்துவிடுகிறது. கூழுக்கும் மண்ணுக்கும் இடையே உராய்வு முழுமையாக எழுவதற்குள் சில மில்லிமீட்டர் சறுக்கல் நேர்கிறது. இவற்றைவிடப் பெரிய பங்கு பல இடங்களில் வேறொன்றிலிருந்து வருகிறது. ஆணிகள் நெருக்கமாகத் தைத்த மண், சுவர் உயரத்தில் ஏறக்குறைய 0.7 பங்கு அகலம் கொண்ட ஒரே திரட்சியாக இயங்குகிறது; பின்னாலுள்ள தைக்கப்படாத மண் அந்தத் திரட்சியைத் தள்ள, அது முழுமையாகவே சற்று சாய்ந்து, அடியில் சற்று நழுவி, தன் உடலுக்குள்ளும் சற்று உருத்திரிகிறது. தடித்த கம்பி போட்டால் நகர்வு பாதியாகும் என்ற எண்ணம் ஏமாற்றம் தருவது இதனால்தான்: கம்பி குறைக்கக்கூடியது அந்த 3 மி.மீ. பங்கை மட்டுமே.

கேள்வி: முடிந்த மண் ஆணிச் சுவரின் உச்சியை ஒட்டி மணல் குவிக்கிறார்கள், கிரேன் நிறுத்துகிறார்கள். தளப் பொறியாளரிடம் சொன்னால் சுவர் அதற்கெல்லாம் அசையாது என்கிறார். உண்மையில் மேலே சுமை வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது?

பதில்: சாலையோரச் சுவர்களுக்கு வாகனச் சுமையாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோநியூட்டன் சேர்த்து வடிவமைப்பது வழக்கம். இது ஏறக்குறைய 67 செ.மீ. உயர மண்ணின் எடைக்குச் சமம். 2 மீட்டர் உயர மணல் குவியலோ சதுர மீட்டருக்கு 32 கிலோநியூட்டன் வரை அழுத்தும்.

இந்த அழுத்தம் ஆணிக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். உராய்வுக் கோணம் (துகள்களின் உராய்வு வலிமையைக் காட்டும் அளவு) 30 பாகை உள்ள மணலில், மேலிருந்து வரும் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் தள்ளும். ஆணிகள் இரு திசையிலும் 1.5 மீட்டர் இடைவெளியில் இருந்தால், ஒவ்வொன்றும் 2.25 சதுர மீட்டர் பரப்பைத் தாங்குகிறது. குவியல் அகலமாகப் பரவியிருந்தால், 32 கிலோநியூட்டனில் மூன்றில் ஒரு பங்கை 2.25 ஆல் பெருக்க, ஆணிக்குக் கூடுதலாக 24 கிலோநியூட்டன் வருகிறது. அதே மணலில் 9 மீட்டர் சுவரின் மேல்வரிசைகளில் மண்ணின் எடையால் மட்டும் ஏறியிருக்கும் இழுவிசை, நடைமுறை விதிப்படி ஆணிக்கு ஏறக்குறைய 90 கிலோநியூட்டன். ஒரு மணல் குவியல் அதில் கால் பங்குக்கும் மேலாகச் சேர்க்கிறது. இதைப் பொருட்படுத்தாமல் விடுவது பொறுப்பான பேச்சல்ல.

சுமை எங்கே இருக்கிறது என்பதும் அதன் அளவுக்கு நிகராக முக்கியம். நழுவப் பார்க்கும் முன்மண்டலத்தின் தலையில், அதாவது உச்சியிலிருந்து உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் சுமை இருந்தால், அது அந்த மண்டலத்தை நேரடியாகக் கீழே அழுத்தி வெளியே தள்ளுகிறது. மேல் இரண்டு மூன்று வரிசைகளின் இழுவிசை கூடுகிறது, உச்சி முன்னே சாய்கிறது, தகடுகளைச் சுற்றிய முகப்பு வளைகிறது. ஆணிகள் எட்டும் நீளத்துக்கு அப்பால் சுமை இருந்தால், தைத்த திரட்சி முழுவதையும் பின்னாலிருந்து தள்ளுகிறது. அப்போது ஆணிகளின் விசை பெரிதாக மாறாமலே சுவர் நகரலாம். ஆணியின் விசையை மட்டும் அளந்துகொண்டிருப்பவர் அந்த நகர்வைத் தவறவிடுவார்.

சுமை கூடும்போது நகர்வு ஒரே விகிதத்தில் கூடுவதில்லை. தொடக்கத்தில் சிமென்ட் கூழ் விரிசலின்றி கம்பியோடு சேர்ந்து இழுவிசையைத் தாங்குவதால் அமைப்பு விறைப்பாக இருக்கிறது. கூழில் குறுக்கு விரிசல்கள் விழத் தொடங்கியதும் விறைப்பு குறைகிறது. பிறகு கூழுக்கும் மண்ணுக்கும் இடையிலான ஒட்டுப்பிடிப்பு முகப்பின் பக்கமிருந்து தொடங்கி நீளவாக்கில் ஒவ்வொரு பகுதியாகத் தன் எல்லையை எட்ட, ஒரே அளவு கூடுதல் சுமைக்கு முன்பைவிடப் பெரிய நகர்வு கிடைக்கிறது. சுமையை எடுத்துவிட்டாலும் சுவர் முழுமையாகப் பழைய இடத்துக்குத் திரும்பாது. மண்ணின் சறுக்கலும் கூழின் விரிசலும் அப்படியே தங்கிவிடும்.

ஜெர்மனியில் 1975 முதல் கார்ல்ஸ்ரூஹ பல்கலைக்கழகமும் பாயர் நிறுவனமும் முழு அளவுச் சுவர்களைக் கட்டி, உச்சியில் சுமையேற்றி உடைத்துப் பார்த்தன. அப்படிச் சுமையேற்றிய சுவர்களில் நழுவல் பரப்பு, அதாவது நழுவும் மண் பிரியும் எல்லை, இரண்டு நேர்கோடுகளாலான உடைந்த வடிவம் பெற்றது. பின்னாலொரு ஆப்பு மண் கீழிறங்கி, முன்னாலுள்ள தைத்த திரட்சியைத் தள்ளியது. மேல்சுமையின் கீழ் உச்சிக்குப் பின்னால் தரை முதலில் இறங்குவதையும், சுவர் அதன் பின் முன்னே போவதையும் இந்த வடிவம் தெளிவாக்குகிறது. கிரேன் நிறுத்த வேறு இடமே இல்லை என்றால், அதன் தாங்குகாலில் வரும் விசையைக் கணக்கிட்டு வடிவமைப்பாளரின் எழுத்துமூலமான ஒப்புதலைப் பெற்ற பின்னரே நிறுத்த வேண்டும்.

கேள்வி: முகப்புக் கான்கிரீட்டை இரு மடங்கு தடிப்பாகப் போட்டால் நகர்வு நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. முகப்பின் வேலை, ஆணிகளுக்கு இடைப்பட்ட மண் உதிராமல் பிடித்து, அதன் தள்ளலைத் தகடுகளின் வழியே ஆணிகளுக்குக் கொண்டு சேர்ப்பது. தடிப்பு கூடினால் ஆணிகளுக்கு இடையே முகப்பு பிதுங்குவதும், தகடு கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் ஆபத்தும் குறையும். சுவர் முழுவதுமாகச் சாய்வதில் அதற்குப் பெரிய பங்கில்லை.

கேள்வி: ஆணிகள் வளைந்தும் மண்ணைத் தாங்கும் அல்லவா? அதைக் கணக்கில் சேர்த்தால் ஆணிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாமே?

பதில்: வளைந்து தாங்கும், ஆனால் மிகத் தாமதமாக. இழுவிசை சில மில்லிமீட்டர் நகர்விலேயே எழுந்துவிடுகிறது. வளைவும் வெட்டுவிசையும் குறிப்பிடத்தக்க அளவுக்கு எழ வேண்டுமானால், நழுவல் பரப்பின் இரு பக்கமும் ஒன்றையொன்று கடந்து பெரிதும் நகர்ந்திருக்க வேண்டும்.

இதை நேரில் காட்டிய சோதனை ஒன்று உண்டு. நவீன மண் ஆணிச் சுவர் 1972இல் பிரான்சில், வெர்சாய் அருகே ரயில் பாதையை அகலப்படுத்த 18 மீட்டர் உயர மணற்சரிவில் முதன்முதலாகக் கட்டப்பட்டது. அதே நாட்டில் 1986இல் தொடங்கிய க்ளூதேர் என்னும் தேசிய ஆய்வுத் திட்டத்தில், 7 மீட்டர் உயரச் சுவரொன்றை வேண்டுமென்றே குறைந்த பாதுகாப்பு வரம்போடு கட்டி, மேலிருந்து மண்ணுக்குள் நீரை ஊட்டி உடைத்தார்கள். நழுவல் பரப்பு கடந்த இடங்களில் கம்பிகள் வளைந்திருந்தன. ஆனால் அந்த வளைவு, சுவர் ஏற்கெனவே உடைவின் விளிம்புக்கு வந்த பிறகே வேலை செய்யத் தொடங்கியது. திடீரென்று இடிந்து விழாமல் பிடித்துவைத்த கடைசித் துணையாக அது உதவியது. அன்றாடச் சுமையில் நகர்வைக் கட்டுப்படுத்த அதை நம்ப முடியாது. ஆகவே வளைவின் பங்கைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதையே நானும் ஆதரிக்கிறேன்.

இந்தச் சோதனையில் நீரைத் தேர்ந்தெடுத்ததையும் கவனியுங்கள். பாதி ஈரமான மணலில் நுண்துளை நீரின் உறிஞ்சுவிசை துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். முழுவதும் நனைந்ததும் அந்தப் பிடிப்பு மறைந்து, மண்ணின் எடையும் கூடுகிறது. முகப்புக்குப் பின்னால், ஆணி வரிசைகளுக்கு இடையே 30 முதல் 40 செ.மீ. அகல வடிகால் பட்டைகளை உச்சி முதல் அடி வரை தொடர்ச்சியாக வைப்பது அதற்காகவே. ஒவ்வொரு படியிலும் பட்டையை முந்தைய பட்டையோடு சரியாக இணைக்காமல் கான்கிரீட் பீய்ச்சிவிட்டால், பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை.

கேள்வி: கம்பியின் மேல்பக்கம் மட்டும் திரிபு அளவி (நீட்சியை அளக்கும் கருவி) ஒட்டினோம். அதில் வந்த விசை, ஆணித் தலையிலுள்ள சுமை அளவியோடு ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். கம்பி சற்று வளைந்தாலே மேல்பக்கத்தில் ஒரு திரிபும் அடிப்பக்கத்தில் வேறு திரிபும் வரும். மேலும் கீழும் எதிரெதிரே இரண்டு ஒட்டிச் சராசரி எடுத்தால்தான் வளைவு நீங்கி இழுவிசை மட்டும் கிடைக்கும். அடுத்தது கூழ். விரிசல் விழாத கூழும் இழுவிசையில் ஒரு பங்கைத் தாங்குவதால், கம்பியின் திரிபை எஃகின் மீள்தன்மைக் கெழுவாலும் பரப்பாலும் மட்டும் பெருக்கினால் ஆணியின் மொத்த விசை உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். விரிசலுக்குப் பின் அந்த வேறுபாடு சுருங்கும். தலையிலுள்ள அளவியோ முகப்பில் உள்ள விசையைக் காட்டுகிறது. உள்ளே இருக்கும் உச்சத்தை அது ஒருபோதும் காட்டாது. சுவரின் நகர்வைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரே ஒரு கருவிதான் கிடைக்கும் என்றால், உச்சிக்குச் சற்றுப் பின்னால், அடிமட்டத்துக்கும் கீழே வரை இறக்கிய சாய்வுமானிக் குழாயையே கேட்பேன். எந்த ஆழத்தில் எவ்வளவு நகர்ந்தது என்பதை அது நெடுகக் காட்டும்.

கேள்வி: இழுத்துப் பார்க்கும் சோதனையில் ஓர் ஆணி 8 மி.மீ. வெளியே வந்தது. அப்படியானால் சுவரும் அவ்வளவு நகருமா?

பதில்: இரண்டும் வெவ்வேறு. சோதனை ஆணியில் முன்பகுதிக்குக் கூழ் இல்லாமல் விட்டிருப்பார்கள். அந்தப் பகுதியின் மீள்நீட்சியும் உங்கள் 8 மி.மீ.க்குள் அடங்கும். சோதனையில் பார்க்க வேண்டியது ஊர்வு: சோதனைச் சுமையை நிறுத்திவைத்து, 1ஆம் நிமிடத்துக்கும் 10ஆம் நிமிடத்துக்கும் இடையே நகர்வு 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் 60 நிமிடம் வரை நீட்டித்து, 6ஆம் நிமிடத்திலிருந்து 2 மி.மீ.க்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: அருகில் பழைய கட்டடம் இருக்கிறது. வடிவமைப்பிலேயே நகர்வைக் குறைக்க என்ன செய்யலாம்?

பதில்: மேல்வரிசை ஆணிகளை நீட்டுங்கள். உச்சியின் நகர்வுக்கு அவையே பெரும்பொறுப்பு. நழுவலுக்கு எதிரான கணக்கு இடம் கொடுக்கிறது என்று மேலே சுருக்கிக் கீழே நீட்டினால், உடைவுக்கு எதிரான பாதுகாப்பு கிடைத்தாலும் நகர்வு கூடும். ஆணியின் சாய்வை 15 பாகைக்கு அருகில் வையுங்கள். சாய்வு கூடக் கூட, மண் வெளியே போகும் திசைக்கும் கம்பியின் திசைக்கும் இடைவெளி கூடி, அதே விசையை எழுப்ப அதிக நகர்வு தேவைப்படும். முகப்பைச் செங்குத்தாக விடாமல் சில பாகை பின்னே சாய்ப்பது மலிவான, நல்ல வழி. தோண்டும் படியின் உயரத்தைக் குறைத்து, தோண்டிய அன்றே கான்கிரீட் பீய்ச்சி முடிப்பது இவை எல்லாவற்றுக்கும் நிகரான பலன் தரும். திறந்து கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மண் தளர்கிறது.

இவ்வளவும் போதாத அளவுக்குக் கட்டடம் நெருக்கமாக இருந்தால், மண் ஆணி மட்டும் அங்கே சரியான தேர்வல்ல. மேல் ஒன்றிரண்டு வரிசைகளில் முன்தகைவு கொடுத்த, அதாவது முன்கூட்டியே இழுத்துப் பூட்டிய, நங்கூரக் கம்பிகளை வைத்து, கீழே ஆணிகளைத் தொடரும் கலப்பு முறை அத்தகைய இடங்களுக்கு ஏற்றது. நங்கூரத்தின் பிடிப்பு நீளம் ஆணிகள் எட்டும் எல்லைக்கு அப்பால், நழுவல் பரப்புகள் எல்லாவற்றுக்கும் பின்னால் அமைய வேண்டும்; நங்கூரம் பூட்டும் இடத்தில் முகப்பைத் தனியாகத் தடித்து வலுப்படுத்தவும் வேண்டும்.